ஆசிரியர் மைக்: தொண்டைக்கு நல்லது, மானத்துக்கு ஆகாது

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அந்த ஒன்றரை எங்கே போனது என்று என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் கொஞ்சம் கை கால் வைத்துச் சொல்வார்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பொருள் இதுதான். தலையில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக், இடுப்பில் கட்டிக்கொள்ளவோ மேசையில் வைக்கவோ உள்ளங்கை அளவில் ஒரு ஸ்பீக்கர், இரண்டுக்கும் நடுவில் வயர் கிடையாது. ஆன்லைனில் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். பிராண்டு பெயரைச் சொல்லப் போவதில்லை, சொல்லியும் பிரயோஜனம் இல்லை. இதே டப்பாவை, இதே பொத்தானோடு, ஸ்டிக்கரை மட்டும் மாற்றி ஏழெட்டுப் பெயரில் விற்கிறார்கள். படத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஏன் வாங்கினேன் என்றால், தொண்டை. தென்காசிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 19 வருஷமாக அறிவியல் எடுக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு. வகுப்பறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஜூன், ஜூலையில் சாரல் விழுந்தால் வெளியூர்க்காரர்களுக்குக் குளியல், எங்களுக்கு அந்தக் கூரையோடு மல்லுக்கட்டு. மழை நின்றால் ரோட்டில் போகிற பஸ் ஆரன் அடிப்பான். இதற்கு நடுவில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தி, மூன்றாவது பீரியடுக்குள் குரல் கரகரவென்று ஆகி, சாயங்காலம் வீட்டில் பேசவே சத்தம் வராது. "வெளியில எல்லாருக்கும் பேசுறீங்க, எனக்குத்தான் சைகையா" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

திருநெல்வேலியில் காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் ஓரத்தில் காய்ப்பு விழ ஆரம்பித்திருக்கிறது என்றார். மண்வெட்டி பிடிக்கிறவர் கையில் காய்ப்பு விழுகிற மாதிரிதானாம். தண்ணீர் நிறையக் குடிக்கணும், சும்மா சும்மா செருமக் கூடாது, கத்தக் கூடாது, குரலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று கிசுகிசுக்கவும் கூடாது, அதுவும் சிரமம்தான் என்றார். ஆண்களுக்குக் குரல் நாண் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர், பெண்களுக்கு 15 மில்லிமீட்டர் என்று வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்கு நடத்துகிறேன். அந்த 20 மில்லிமீட்டர்தான் எனக்குச் சோறு போடுகிறது என்பது அன்றைக்கு அந்த நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. பெண் ஆசிரியர்கள் பலருக்கும் இந்தத் தொல்லை உண்டு, எங்கள் பள்ளியிலேயே மூன்று பேர் வாயில் சுக்கு, மிட்டாய் என்று ஏதாவது அடக்கிக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறார்கள்.

சரி, பொருளுக்கு வருவோம்.

இதற்கு முன்னால் 900 ரூபாய்க்கு ஒரு வயர் மைக் வாங்கினேன். வயர் பெஞ்சு முனையில் மாட்டும், ஸ்கேலில் மாட்டும், ஒருநாள் என் சட்டைப் பொத்தானையே பிடுங்கிக்கொண்டு போனது. நாலு மாதத்தில் உள்ளே வயர் அறுந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்தால்தான் சத்தம் வரும் என்று ஆனது. ஒரு வாரம் கழுத்து சுளுக்கிக்கொண்ட மாதிரி நின்று பாடம் நடத்தினேன். அதோடு சேர்த்துப் பார்த்தால் இந்த வயர்லெஸ் தேவாமிர்தம்.

சத்தம் தெளிவு. பெட்டியில் 20 வாட்ஸ் என்று போட்டிருப்பதை நான் நம்பவில்லை, ஆனால் 42 பேர் உட்காரும் அறைக்குப் பாதி வால்யூமே போதும். நான் வீட்டில் பேசுகிற குரலில் பேசுகிறேன், கடைசி பெஞ்சுக்காரன் "சார் கேக்கல" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஒரே மாதத்தில் கரகரப்பு பாதிக்கு மேல் குறைந்தது. இதற்காகவே மூன்று நட்சத்திரம் கொடுத்துவிட்டேன்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பது பெரிய விஷயம். இடுப்பில் கட்டாதீர்கள். முதல் பெஞ்சுக்குக் காது கிழியும், கடைசிக்கு மெதுவாகத்தான் போகும். தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் இறங்கும், இது திறந்தவெளிக் கணக்கு, அறைக்குள் சுவர் கொஞ்சம் காப்பாற்றும். நான் பின்பக்க ஜன்னல் திண்டில் வைத்தேன். முன்னால் நான், பின்னால் என் குரல், நடுவில் பிள்ளைகள். இப்படி வைத்தால் ஊளையும் வராது. ஊளை என்பது ஸ்பீக்கரில் வருகிற சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், அது பெருக்கப்பட்டு மறுபடி வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், இப்படிச் சுற்றிச் சுற்றிக் கூவுவது. கல்யாண வீட்டில் மைக்செட்காரர் ஓடி வருவாரே, அதுதான். மைக்கைப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கருக்கு எதிரே போய் நிற்காமல் இருந்தால் போதும்.

பேட்டரி 8 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. எனக்கு ஐந்து பீரியடு வருகிறது. ஆறாவது பீரியடில் திடீரென்று ஒரு சீனப் பெண்குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு அணைந்துவிடும். பிள்ளைகள் அதற்கு "தேங்க் யூ மேடம்" என்பார்கள். பென் டிரைவ், மெமரி கார்டு, எஃப்எம் எல்லாம் இருக்கிறது. ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியருக்கு இதைவிட ஆபத்தான வசதி வேறில்லை. நான் கரும்பலகையில் எழுதும்போது பின்னால் எவனோ ஒருவன் பொத்தானை அழுத்தி, உணவுச்சங்கிலிக்கு நடுவில் எஃப்எம்மில் நகைக்கடை விளம்பரம் வந்தது. அதை நான் குறையாக எழுதவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் விட்டால் அது 13 வயதே இல்லை.

இனி அந்தப் பொத்தான் கதை.

மைக்கின் காதுப் பட்டையில் பட்டாணி அளவில் ஒரே ஒரு பொத்தான். நீளமாக அழுத்தினால் ஆன் ஆஃப். லேசாகத் தட்டினால் மியூட், மறுபடி லேசாகத் தட்டினால் பேச்சு. அதாவது ஒரே தட்டு, இரண்டு வேலை. மியூட் ஆனால் நீல விளக்கு, பேச்சு என்றால் பச்சை விளக்கு. அந்த விளக்கு எங்கே இருக்கிறது தெரியுமா? என் காதுக்குப் பின்னால். மைக் ஓடுகிறதா இல்லையா என்பது மாட்டியிருப்பவனைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரியும். தட்டும்போது ஒரு 'டிங்' சத்தமாவது வைத்திருக்கலாம், அதுவும் இல்லை. "மாட்டியிருப்பதே தெரியாது" என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அதில் பொய் இல்லை.

புரட்டாசி மாதம். பொன் உருகக் காயும் என்பார்களே, அந்த வெயில். எட்டாம் வகுப்பில் ஒலியியல் முடித்து டெஸ்ட். ஒரு பையன் டெஸ்ட் நோட்டு கொண்டு வரவில்லை. ஏன் என்றால், "மறந்துட்டேன் சார்." நான் விடவில்லை. மைக் வேறு இருக்கிறதா, குரலைத் தணித்து, நிறுத்தி நிதானமாக, மறதி என்பது பதில் இல்லை, பொறுப்பில்லாததற்கு வைத்த செல்லப்பெயர் என்று ஐந்து நிமிஷம் பேசினேன். ஸ்பீக்கரில் கேட்க எனக்கே நன்றாக இருந்தது. அவன் நின்றுகொண்டே இருந்தான்.

அப்புறம் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதத் திரும்பினேன். சாக்பீஸ் தூளில் இருமல் வரும், அந்த இருமல் ஸ்பீக்கரில் இடி மாதிரி கேட்கும் என்பதால் மைக்கை ஒரு தட்டு தட்டி மியூட் செய்துவிட்டு எழுதினேன். எழுதி முடித்தேன், பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள், சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து. ஸ்கூல் நேரத்தில் வீட்டில் இருந்து சும்மா கூப்பிட மாட்டார்கள். வராந்தாவைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போகும் வழியில், பொறுப்பான ஆசிரியன் அல்லவா, மைக்கை மியூட் செய்வோம் என்று இன்னொரு தட்டு தட்டினேன்.

கணக்கு புரிந்திருக்கும்.

விஷயம் வேறொன்றும் இல்லை. முந்தின நாள் ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு. அவர்கள் காலையில் ஏழு மணிக்கே தையல் யூனிட்டுக்குக் கிளம்பிப் போய்விடுவார்கள், எட்டேகாலுக்குக் கிளம்பும் நான் மாவுச்சட்டியைத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். இவ்வளவுதான் என் வேலை. வைக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து அரைநாள் வேலை, பதினொன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்திருக்கிறார்கள். மாவு பொங்கி, தட்டைத் தள்ளிவிட்டு, மேடையில் வழிந்து, தரைக்கு இறங்கி, நடந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இதில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மைக்குக்கு என் பேச்சு மட்டும்தான் கேட்கும். மறுமுனை கேட்காது. ஆகவே எட்டாம் வகுப்புக்கு, அமைதியாக டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, பின்பக்க ஜன்னலில் இருந்து அரைகுறையாக வந்தது இதுதான்:

"ஐயையோ... மறந்துட்டேம்மா. சத்தியமா மறந்துட்டேன்."

"தரை பூராவுமா?"

"இல்ல இல்ல, நீ குனியாத, உனக்கு இடுப்பு வலிக்கும். நான் சாயங்காலம் வந்து தொடச்சிருதேன்."

"ஆமா, போன வாரமும்தான். ஒத்துக்கிடுதேன்."

"உங்க அம்மாட்ட மட்டும் சொல்லிராத, நல்லாருப்ப."

"சரி தங்கம். திட்டாத தங்கம். பிள்ளைங்க டெஸ்ட் எழுதுது, வைக்கட்டா தங்கம்?"

போனை வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்டிப்பான முகம் ஒன்றைத் தயார் செய்துகொண்டு உள்ளே வந்தேன். வகுப்பு அமைதியாக இருந்தது. 19 வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், எட்டாம் வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்தால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். பெஞ்சில் இருக்கிற தலையெல்லாம் குனிந்திருக்கிறது, தோளெல்லாம் குலுங்குகிறது. "என்ன?" என்றேன். அந்த "என்ன" பின்பக்க ஜன்னலில் இருந்தும் வந்தது. அப்போதுதான் என் வயிறு கீழே இறங்கியது.

முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி, மரியாதையான பிள்ளை, எழுந்து நின்று மெதுவாக, "சார், காதுக்குப் பின்னால பச்சையா எரியுது சார்" என்றாள். அவ்வளவுதான், கூரை பறந்தது. சிரிப்பு அடங்க நாலைந்து நிமிஷம் ஆனது. அடங்கிய பிறகு பார்த்தால் நோட்டு மறந்த பையன் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறான். உட்கார் என்று நான் சொல்லவே இல்லை. அவன் சிரிக்கவில்லை. ரொம்ப அக்கறையாகக் கேட்டான்: "சார், மாவு நெறைய போயிட்டா சார்?"

உட்காரச் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்? ஒரு தாளும் கொடுத்தேன்.

இதில் நான் முதல் ஆள் இல்லை என்று பிற்பாடு மனதைத் தேற்றிக்கொண்டேன். 1984 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ரீகன் வானொலிப் பேச்சுக்கு முன்னால் மைக்கைச் சோதிக்கிறேன் என்று, ரஷ்யா மேல் ஐந்து நிமிஷத்தில் குண்டு போடப் போகிறோம் என்று விளையாட்டாகச் சொல்லி அது வெளியே கசிந்தது. 2010-இல் பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுன் தேர்தல் பிரசாரத்தில் ஒரு வயதான அம்மாவிடம் சிரித்துப் பேசிவிட்டு, சட்டையில் மாட்டிய மைக்கைக் கழற்றாமல் காரில் ஏறி, அந்த அம்மாவைத் திட்டி, அது ஒலிபரப்பாகி, பிறகு அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அவர்களுக்கெல்லாம் மைக்கைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இருந்திருக்கும். என் 1,850 ரூபாய் மைக்குக்கு நான்தான் ஆள்.

அன்றைக்கு டெஸ்ட் முழுதாக நடக்கவில்லை என்பது வேறு. ஆனால் மறுநாள் ஒரு பையன் கேட்டான்: "சார், நீங்க வேப்பமரத்துக்கிட்ட பேசுனது நேரா எங்க காதுக்கு வந்தது முன்னாடியா, ஸ்பீக்கர்ல வந்தது முன்னாடியா?" கேலிக்குத்தான் கேட்டான், ஆனால் கேள்வி அசல். டேப் வைத்து அளந்தோம், வேப்பமரத்தில் இருந்து வகுப்பு நடுப்பகுதிக்கு 17 மீட்டர் சொச்சம். ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர் போகிறது என்று வைத்தால் என் குரல் காற்று வழியே வர 0.05 விநாடி. மைக்கில் இருந்து ஸ்பீக்கருக்குப் போவது ரேடியோ அலை, அது ஒளியின் வேகம், 17 மீட்டரெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை. உள்ளே இருக்கிற சர்க்யூட் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் தாமதம், அதுவும் கொஞ்சம்தான். நம் காதில் ஒரு ஒலி 0.1 விநாடி நிற்கும், அதற்குள் வருகிற இரண்டாவது ஒலியைத் தனியாகப் பிரிக்க முடியாது, எதிரொலி கேட்கச் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அதனால்தான், போக 17, வர 17. ஆக "தங்கம்" என்பது இரண்டு வழியாக வந்தாலும் ஒரே "தங்கம்" ஆகத்தான் கேட்டிருக்கும் என்று முடிவுக்கு வந்தோம். அந்தப் பாடத்தை இனி அந்த வகுப்பு ஜென்மத்துக்கும் மறக்காது. அரையாண்டுத் தேர்வில் எதிரொலிக் கேள்விக்கு ஒருவர்கூட மார்க் விடவில்லை, உதாரணத்தில் ஒருத்தி வேப்பமரம் என்று எழுதியிருந்தாள். டிக் போட்டேன்.

பெயர் வைக்காமல் விடுவார்களா? 'மாவு சார்'. ஆறாம் வகுப்பு வரை பரவிவிட்டது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காரணம்கூடத் தெரியாது, நான் கொஞ்சம் வெள்ளைச் சட்டை அதிகம் போடுவேன், அதனால் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

வீட்டில் சொன்னேன். அவர்கள் முதலில் கேட்டது, "எங்கம்மாட்ட சொல்லிராதன்னு சொன்னதும் கேட்டுச்சா?" என்று. கேட்டது என்றேன். அதற்குச் சிரித்த சிரிப்பில் மாவு மன்னிக்கப்பட்டுவிட்டது.

இன்னொரு குறையும் உண்டு, இதைச் சொல்லாமல் விட்டால் வாங்குகிறவர்களுக்குத் துரோகம். என் மைக்கைப் பார்த்துவிட்டுக் கணக்கு டீச்சரும் இதே மாடல் வாங்கினார். இரண்டும் ஒரே அலைவரிசையில் வந்திருக்கிறது. பக்கத்து அறையில் அவர் ஏழாம் வகுப்புக்கு முழுக்கள் நடத்துகிறார், அவர் ஸ்பீக்கரில் என் குரலில் மண்புழு வருகிறது. சேனல் மாற்றும் வழி இந்த மாடலில் கிடையாது. விற்றவருக்கு எழுதினேன், இரண்டு நாள் கழித்து "அன்பான வாடிக்கையாளரே, சாதனத்தை அணைத்து மீண்டும் இயக்கவும்" என்று பதில் வந்தது. அதற்கு மேல் அவர்களிடம் பேசவில்லை. டீச்சர் வேறு பிராண்டுக்கு மாறிவிட்டார், அவர்தான் புத்திசாலி.

பொத்தானுக்கு நானே வைத்தியம் செய்துகொண்டேன். ஒன்று, மியூட்டைத் தொடுவதே இல்லை. வெளியே போனால் மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் போவது. இரண்டு, நோட்டு மறந்த பையனுக்கு ஒரு பதவி. நான் வாசலைத் தாண்டும்போது அவன் என் காதுக்குப் பின்னால் பார்த்து, பச்சை என்றால் கையைத் தூக்க வேண்டும். இதுவரை இரண்டு தடவை தூக்கியிருக்கிறான். நோட்டை இன்னும் மறக்கத்தான் செய்கிறான், பச்சையை மறப்பதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: புளூடூத் மைக் வாங்காதீர்கள், சத்தம் தாமதமாக வரும், நம் குரலே நமக்குப் பின்னால் வந்தால் நாக்கு குழறும். ஆன் ஆஃபுக்குத் தள்ளுகிற மாதிரி தனி ஸ்விட்ச் இருக்கிற மாடலாகப் பாருங்கள், விரலால் தடவினாலே மேலா கீழா என்று தெரிய வேண்டும். சேனல் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மைக் முனையில் மாட்டும் பஞ்சு உறை வியர்வையில் பத்து நாளில் நாறும், கழுவிக் காயப்போட இன்னொன்று வேண்டும், பெட்டியில் ஒன்றுதான் வரும். தனியாக நாலைந்து சேர்த்து வாங்கிவிடுங்கள், ஒன்றை எப்படியும் ஆறாம் வகுப்பில் எவனாவது மூக்கில் வைத்துக்கொண்டு கோமாளி வேஷம் போடுவான்.